அடியிலருந்து கலக்கி ஊத்துங்கண்ணே

மதுரை வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதியவர்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாண்டியன் எத்தனை போரில் ஜெயித்தான், நாயக்கர் எத்தனை தூண் நட்டார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அந்தத் தூணைத் தூக்கி நிறுத்தியவன் ராத்திரி எந்தக் கடையில் சாப்பிட்டான் என்று ஒரு வரி இருக்காது.

இந்தக் குறையைத் தீர்க்கத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவன் புறப்பட்டான். என்னோடு கல்லூரியில் வரலாறு படித்தவன். பெயர் வேண்டாம், இப்போது அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். மதுரையில் அதற்கு மேல் முகவரி தேவைப்படாது.

மாப்ளையின் கொள்கை ஒன்றே ஒன்றுதான். மதுரையில் கடையில் சாப்பிடுவது ஊதாரித்தனம் இல்லை, தெய்வ காரியம். மாதச் செலவுக்குக் கொடுத்த பணம் எங்கேடா போகிறது என்று அவன் அப்பா கேட்டபோதெல்லாம் திருவிளையாடற் புராணத்தை எடுத்து நீட்டினான்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையைத்தான் சொல்கிறேன். வைகை உடைப்பெடுத்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு ஆள் கரையடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து நிற்கிறார். கூலி என்ன? உதிர்ந்த பிட்டு.

"கவனி மாப்ள, காசு கேக்கல. சாப்பாடு கேட்டாரு. அதுவும் வேலைக்கு முன்னாடியே கேட்டாரு."

அன்றைக்கென்று பார்த்து, கிழவி அவித்த பிட்டு பூராவும் உதிர்ந்தது. பூராவையும் தின்றார். பிறகு ஆடினார், பாடினார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். அவர் பங்குக் கரை அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் முதுகில் ஒன்று வைத்தான். அந்த அடி அரசன், அரசி, மந்திரி, ஆனை, குதிரை என்று எல்லார் முதுகிலும் விழுந்தது.

பெரியவர்கள் இதில் இறைவனின் எளிமையைப் பார்ப்பார்கள். மாப்ள பார்த்தது வேறு. "மதுரைக்கு வந்த கடவுளே ரோட்டோரக் கடையிலதான் கை நனைச்சிருக்காரு. சாப்ட்டுட்டு வேலை பாக்காம தூங்கியும் இருக்காரு. நாம சாப்ட்டுட்டு கிளாஸ்ல தூங்குனா மட்டும் குத்தமா?" பேராசிரியர் சாக்கட்டியை வீசியபோது, அடி எல்லார் மேலும் விழும் என்று நம்பி உட்கார்ந்திருந்தான். அவன் நெற்றியில் மட்டும்தான் பட்டது.

ஆனாலும் உதிர்ந்ததைக் கேட்கும் உரிமையை அவன் விடவில்லை. மேலமாசி வீதிப் பக்கம் சாயங்காலம் பஜ்ஜி போடுகிற தள்ளுவண்டிகளில் எட்டணாவுக்கு ஒரு வடை வாங்குவான். வாங்கிவிட்டு, "அண்ணே, கொஞ்சம் தூள் போடுங்கண்ணே" என்பான். எண்ணெய்ச் சட்டியில் பிரிந்து மிதந்து, மொறுமொறுவென்று தட்டோரம் ஒதுங்கிய மாவுப் பொட்டுகளுக்குத்தான் தூள் என்று பெயர். அதற்கு விலை கிடையாது. வடையைவிடத் தூள் அதிகமாக வந்த நாட்களும் உண்டு. வருஷா வருஷம் ஆவணி மூலத்துக்குச் சாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருளும்போது மாப்ளையும் எழுந்தருளுவான். அங்கே கிடைக்கிற பிட்டைப் பிரசாதம் என்று சொன்னால் கோபம் வரும், கூலி என்பான்.

குண்டோதரன் கதையை அவன் இன்னும் விஸ்தாரமாகச் சொல்லுவான். மீனாட்சி கல்யாணத்தில் சமைத்த சோறு மலையாக மிஞ்சிவிட்டது. பெண்வீட்டுப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தன் பூதகணத்தில் குள்ளமான ஒருவனைக் காட்டி, இவன் ஒருத்தனுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள் என்றார். மலை கரைந்தது. பசி அடங்கவில்லை. குழி குழியாகத் தயிர்ச்சோறு பூமியிலிருந்து வந்தது. அதுவும் போயிற்று. அப்புறம் தாகம். அதற்காகத்தான் வைகையே வந்தது. "ஒருத்தன் சாப்ட்டுத் தண்ணி குடிக்கிறதுக்குன்னு ஒரு ஆத்தையே வரவழைச்ச ஊருடா இது. இங்க வந்து ஒரு கடைக்காரன் ரெண்டாவது அப்பளம் இல்லேங்கிறான்."

அந்தக் கடைக்காரர் ஸ்டேஷன் பக்கத்தில் மெஸ் வைத்திருந்தவர். பெயர் சொல்லமாட்டேன், எங்களால் பட்டது போதும். வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று போர்டு இருந்தது. மாப்ள அதை வாசித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான்.

அளவில்லாச் சாப்பாடு என்பது சப்ளையருக்கும் சாப்பிடுகிறவனுக்கும் நடக்கிற யுத்தம். சப்ளையர் சோற்றுச் சட்டியோடு வரும்போதே அடுத்த இலையைப் பார்த்துக்கொண்டு வருவார். 'போதுமா' என்று கேட்கும்போது அவர் உடம்பு பாதி தூரம் போயிருக்கும். மாப்ள இதற்கு ஒரு வியூகம் வைத்திருந்தான். சோறு தீரும்போது சாம்பார் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்குச் சோறு கேட்கலாம். சாம்பார் தீரும்போது சோறு மிஞ்சியிருக்க வேண்டும். அதற்குச் சாம்பார் கேட்கலாம். வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொரு கோட்டையிலும் இதே முற்றுகை. எதிராளிக்கு நியாயம் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. முதலில் எங்கள் மேசைக்கு மேலே இருந்த மின்விசிறியை நிறுத்தினார். வியர்த்தால் பசிக்கும் என்று மாப்ள சந்தோஷப்பட்டான். அடுத்து, பொரியலை ஸ்பூனில் வைக்கச் சொன்னார். கடைசியாக, எங்கள் வரிசைக்கு ஒரு பெரியவரைப் போட்டார். அவர் 'போதுமா' என்று கேட்கமாட்டார். சட்டியோடு எதிரே நின்று, 'என் பேரனும் உன் வயசுதான்' என்கிற பார்வை ஒன்று பார்ப்பார். நான் அதில் விழுந்து மோருக்கு வந்துவிட்டேன். மாப்ள விழவில்லை. "தாத்தா, ரசத்துக்குக் கொஞ்சம்" என்றான்.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "தம்பி, எந்தக் காலேஜு?"

மாப்ள எங்களுக்கு ஆகாத கல்லூரி ஒன்றின் பெயரைச் சொன்னான். மறு வாரம் போர்டில் 'அளவில்லா' மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. 'சாப்பாடு' மட்டும் மிச்சம். அந்தக் கல்லூரிப் பையன்கள் அப்புறம் அங்கே என்ன பாடுபட்டார்களோ!

வகுப்பிலும் மாப்ள சும்மா இருந்தானில்லை. மதுரைக்காஞ்சி என்பது தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்ல மாங்குடி மருதனார் பாடியது. எல்லாம் அழியும், நீயும் அழிவாய், யோசித்துக்கொள் என்பதுதான் சாரம். ஆனால் சொல்ல வந்தவர் கடைவீதிக்குள் நுழைந்துவிட்டார். பகலில் நாளங்காடி, ராத்திரி அல்லங்காடி. பண்ணியம் விற்கிறார்கள், பலாச்சுளை, மாம்பழம், கிழங்கு, கறி போட்ட ஊன்சோறு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். "புலவருக்கு ராஜா பேரு மறந்துபோச்சு மாப்ள. ஊன்சோறு மறக்கல." தேர்விலும் இதையே எழுதினான். நிலையாமைக்குச் சிறந்த உதாரணம் தட்டில் இருக்கும் ஊன்சோறு என்று முடித்திருந்தான். நாற்பதுக்குப் பத்து போட்டார்கள்.

திருமலை நாயக்கர் மகாலில் ராத்திரி ஒலி ஒளிக் காட்சி நடக்கும். நாயக்கர் பெருமையோடு சிலப்பதிகாரக் கதையும் வரும். இருட்டில் தூண்களெல்லாம் சிவப்பாகவும் நீலமாகவும் மாறும், கண்ணகி குரல் எதிரொலிக்கும், கூட்டம் உருகும். அந்த நேரம் பார்த்து மாப்ள என் காதில் ஆராய்ச்சியை ஆரம்பித்தான். கோவலன் மதுரைக்கு வந்து எங்கே தங்கினான்? ஆயர் சேரியில், மாதரி வீட்டு அடைக்கலத்தில். என்ன சாப்பிட்டான்? கண்ணகி கையால் சமைத்தது. வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசிச் சோறு. குருத்து வாழையிலை விரித்துப் போட்டாள். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு சிலம்போடு கிளம்பினான்.

"திரும்பி வந்தானா? மதுரைக்கு வந்து வீட்டுச் சாப்பாடு சாப்ட்டுட்டுப் போனவன் எவனாவது உருப்பட்டிருக்கானா? அல்லங்காடியில ரெண்டு கடைல நின்னு சாப்ட்டிருந்தா நேரமாயிருக்கும், அந்தத் தட்டான் கண்ணுலயே பட்டிருக்க மாட்டான். ஊரும் எரிஞ்சிருக்காது."

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி முறைத்தார். கண்ணகியே திரும்பிப் பார்த்ததாக நினைத்து மாப்ள அடங்கினான்.

நாயக்கர் மேல் அவனுக்கு மரியாதை உண்டு. அவர் பேரன் மேல்தான் இன்னும் அதிகம். திருமலை நாயக்கர் 1636-ல் அந்த மகாலைக் கட்டினார். இப்போது நாம் பார்ப்பது மிச்சம் மீதிதான், ஏறக்குறைய கால்வாசி. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலைப் பிய்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதுரையில் உட்கார்ந்து சாப்பிடாமல் பார்சல் வாங்கிய முதல் ஆள் என்று மாப்ள அவரைக் குறித்து வைத்திருந்தான். திருமலை நாயக்கர் காலத்து மூக்கறுப்புப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கண் கலங்குவான். மைசூர்ப் படை வந்து அகப்பட்டவர்கள் மூக்கையெல்லாம் அறுத்தது, பதிலுக்கு இவர்கள் போய் அவர்கள் மூக்கை அறுத்தார்கள். "மூக்கு இல்லாதவன் எந்தச் சந்துல தாளிக்கிறாய்ங்கன்னு எப்படிடா கண்டுபிடிப்பான்?"

காந்தியையும் விட்டுவைக்கவில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில்தான் காந்தி மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளுக்குக் கட்டத் துணியில்லை என்ற வருத்தத்தில் எடுத்த முடிவு, உலகத்துக்கே தெரியும். மாப்ள அதே வீதியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, "இப்பத் தெரியுதா காரணம்?" என்றான். கதர்ச்சட்டை போட்ட ஒருவர் பக்கத்துத் திண்ணையிலிருந்து இறங்கியதைப் பார்த்து இருவரும் வெரசாக நடந்தோம்.

இனி முக்கியமான கட்டம். பிளாக்பர்ன் என்று ஒரு கலெக்டர். 1840-ஐ ஒட்டி மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தவர் இவர்தான். மதிலை இடிக்கிறவனுக்கு அந்த இடத்தில் மனை என்றதும் ஊரே கடப்பாரையோடு கிளம்பிவிட்டது. வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். அதனால்தான் மாரட் வீதி, அதனால்தான் பெருமாள் மேஸ்திரி வீதி. மதில் இருந்த இடத்துக்கு வெளியே வெளி வீதி. நன்றி மறக்காத ஜனங்கள் கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண் வைத்தார்கள். இன்றைக்கு விளக்குத்தூணுக்கு வருகிறவன் எவனும் பிளாக்பர்னைத் தேடி வருவதில்லை, ஜிகர்தண்டாவைத் தேடி வருகிறான். கடல்பாசியும் நன்னாரியும் சுண்டின பாலும் ஒரே டம்ளரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, தூணுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறான்.

மாப்ளையின் முடிவு என்னவென்றால், வெள்ளைக்காரன் நமக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மதிலை இடித்ததுதான். மதில் இருந்திருந்தால் ராத்திரி கதவைச் சாத்தியிருப்பார்கள். கதவைச் சாத்தினால் செகண்ட் ஷோ இல்லை. செகண்ட் ஷோ இல்லையென்றால் புரோட்டாக் கடை இல்லை.

வெளி வீதியோரம் எங்கள் கடை இருந்தது. 1992 தீபாவளிக்குத் தேவர் மகன் வந்த சமயம். படம் விட்டு வெளியே வந்தால் தெரு பூராவும் ஆம்பளைகள் மீசையைத் தடவிக்கொண்டு நடப்பார்கள். எங்களுக்கு அப்போது தடவுகிற அளவுக்கு மீசை இல்லை. நேராகப் புரோட்டாக் கடைக்குத்தான் போவோம்.

மாஸ்டர் கைலியை மடித்துக் கட்டி, பனியனோடு கல்லுக்கு முன்னால் நிற்பார். எண்ணெயில் ஊறின மாவு உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் வீசுவார். வீச வீச அது விரியும், ஓரம் மெலியும், கடைசி வீச்சில் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் முகம் தெரிகிற அளவுக்கு ஆகிவிடும். அப்படியே கொசுவி, சுருட்டி, ஒரு தட்டு. கல்லில் போட்டு எண்ணெய் ஊற்றி, இரண்டு பக்கமும் சிவந்ததும் ஐந்தாறை அடுக்கி வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் படபடவென்று அடிப்பார். அந்த அடியில்தான் இதழ் இதழாகப் பிரியும். அந்தக் கை எப்படிச் சுடாமல் இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். "சுடுது தம்பி. அதுக்கு என்னா செய்யச் சொல்றீங்க?" என்றார்.

புரோட்டா ஒரு சாக்குதான். நாங்கள் வாழ்ந்தது சால்னாவில். புரோட்டாவுக்குக் காசு, சால்னாவுக்குக் காசில்லை. எத்தனை தரம் கேட்டாலும் வாளி வரும். நாட்டில் எத்தனையோ நலத்திட்டம் அறிவித்தார்கள். மனுவும் சான்றிதழும் கேட்காமல், வரிசையில் நிற்க வைக்காமல் படிக்கிற பையன்கள் வயிற்றை நிரப்பிய திட்டம் மதுரைப் புரோட்டாக் கடைச் சால்னா ஒன்றுதான். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் சால்னா வாங்குவதற்கும் ஒரு ஞானம் வேண்டும். வாளியில் மேலே மிதப்பது எண்ணெய், நடுவில் தண்ணீர், கசகசாவும் தேங்காயும் மசாலாவும் எல்லாம் அடியில். சப்ளையர் அவசரத்தில் மேலாக மொண்டு ஊற்றிவிட்டுப் போய்விடுவார். விவரமில்லாதவன் அதைத் தின்றுவிட்டுக் கடையைக் குறை சொல்வான். மாப்ள அப்படி விடமாட்டான். வாளி இலைக்கு மேலே வந்ததும் இரண்டு கையையும் குறுக்கே நீட்டி மறித்து, பக்தி பரவசத்தோடு சொல்வான்: "அண்ணே, அடியிலருந்து கலக்கி ஊத்துங்கண்ணே."

சப்ளையர் அண்ணன் ஒரு பார்வை பார்ப்பார். கரண்டியை வாளியின் அடிவரை விட்டு ஒரு சுழற்று சுழற்றுவார். அந்த ஒரு சுழற்றில் வாளியின் நிறமே மாறும்.

அடுத்த நுட்பம், புரோட்டாவை மொத்தமாகப் பிய்த்துப் போட்டுவிடுவது. பிய்த்துப் போட்டால் குவியல் பெரிதாகத் தெரியும், சப்ளையருக்கு இரக்கம் வந்து தாராளமாக ஊற்றுவார். ஊறவிட்டு, சால்னா உள்ளே இறங்கியதும், காய்ந்துபோனதாக முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி கேட்க வேண்டும். கோழிச் சால்னா என்று பெயர். கோழி அந்த வாளிக்கு மேலே பறந்து போயிருக்கலாம். ஆனாலும் என்றைக்காவது ஒரு நாள் கழுத்தெலும்பு ஒன்று தவறி விழும். தமிழ்நாடு அரசு லாட்டரியில் பரிசு விழுவதைவிட அபூர்வம். விழுந்தால் மாப்ள உடனே இலையை மூடி மறைத்துவிடுவான். பங்கு கேட்கக் கூடாதாம்.

முதலாளி எங்களுக்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். மாதக் கடைசியில் அதில்தான் எழுதுவார். கல்வெட்டுப் பாடம் ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒருநாள் அவர் புரோட்டா கட்டப் போன நேரத்தில் மாப்ள நோட்டை எடுத்து, கடன் கணக்குக்கு மேலே அழகான கையெழுத்தில் ஒரு மெய்க்கீர்த்தி எழுதி வைத்தான். 'ஸ்வஸ்திஸ்ரீ. வெளி வீதி கொண்டு, சால்னா வாளி வென்று, கொத்துக் கல் முழங்க வீற்றிருந்தருளிய முதலாளிக்கு யாண்டு பத்தாவது, மாணவர் இருவர் பட்ட கடன் சந்திராதித்தவரை நிற்பதாக. இது அழிப்பான் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.'

முதலாளி படித்தார். சிரிக்கவில்லை. "சந்திராதித்தன்னா யாரு தம்பி, அவரு தருவாரா?" என்றார். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று அர்த்தம் என்று நான் விளக்கினேன். "அம்புட்டு நாளெல்லாம் தாங்காது. ஒண்ணாந்தேதி கொடுத்துருங்க" என்று நோட்டை வாங்கிக் கல்லாவுக்கடியில் போட்டுவிட்டார். ஒன்றாந்தேதி கொடுத்தோம். கல்வெட்டில் படித்த தானங்களில் எத்தனை இப்படி முடிந்தனவோ.

கையில் காசு புரண்டால் சிம்மக்கல். கோனார் மெஸ்ஸில் கறி தோசை. கல்லில் கனமாக மாவு, அதற்கு மேலே முட்டை, அதற்கு மேலே கறி, எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டதும் ஒரே புரட்டு. ஆளுக்கு ஒன்று வாங்க முடியாது, ஒன்றை இரண்டாக வெட்டச் சொல்வோம். வெட்டும்போது கறி எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது என்பதில் எங்கள் நட்பு பலமுறை ஆட்டம் கண்டிருக்கிறது. காசே இல்லையென்றால் பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் போட்டு, தேங்காய்ச் சில்லோடு ஒரு டம்ளர் உள்ளே போனால் மறுநாள் காலைவரை யாரையும் தொந்தரவு செய்யவேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே மாப்ள கும்பிட்ட ஒரு சாமி உண்டு. முனியாண்டி. சாராயம், சுருட்டு என்று மற்ற முனிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் ஹோட்டல் வைக்கச் சொன்ன சாமி. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிதான் இவர் ஊர். மழை பொய்த்து விவசாயம் நொடித்துப்போன காலத்தில், அந்த ஊர் சுப்பா நாயுடு 1937-ல் காரைக்குடிக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். முனியாண்டி கனவில் வந்து சொன்னதாக ஊரில் சொல்லுவார்கள். கடைக்கு வைத்த பெயர் முனியாண்டி விலாஸ். கடை பிடித்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாயுடுமார், ரெட்டியார்மார் என்று பேதமில்லாமல் ஊர் ஊராகப் போய் அதே பெயரில் கடை போட்டார்கள். தென்னிந்தியாவில் பஸ் ஸ்டாண்ட் இருக்கிற ஊரில் எல்லாம் அந்த போர்டு ஏறியது. தலைமை அலுவலகம் கிடையாது, பங்குச் சந்தை கிடையாது. அன்றைய முதல் விற்பனைக் காசைச் சாமிக்கு எடுத்து வைப்பார்கள், அவ்வளவுதான் ஒப்பந்தம். பிற்பாடு வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இதையே வேறு பெயரில் நமக்குப் பாடம் எடுத்தார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்கெங்கோ கடை வைத்திருக்கிற முதலாளிகள் எல்லாரும் ஊருக்குத் திரும்புவார்கள். தை மாதம் நாயுடுமார் திருவிழா, மாசியில் ரெட்டியார்மார் திருவிழா. காணிக்கையாக வந்த கிடாயும் சேவலும் ராத்திரியோடு ராத்திரியாக அண்டாக்களில் பிரியாணியாகும். விடிகாலையில் சாமிக்குப் படைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வழங்குவார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. ஊன்சோற்றைப் பற்றி வகுப்பில் படித்தது கண்ணெதிரே நடக்கும்.

மாப்ள இதைக் கேள்விப்பட்ட தை மாதமே என்னை எழுப்பிக் கூட்டிப்போனான். கடைசி பஸ் பிடித்து இறங்கி, குளிரில் காதைத் துண்டால் கட்டிக்கொண்டு நடந்தோம். ஊர் வருமுன்னே வாசனை வந்துவிட்டது. மூக்கறுப்புப் போர் இங்கே நடக்கவில்லையே என்று மாப்ள முனியாண்டிக்கு நன்றி சொன்னான். அடுப்பு வரிசை தோட்டம் முழுக்க எரிந்தது. ஆள் உயரத் துடுப்பை வைத்துக்கொண்டு சீரகசம்பாவைக் கிண்டாமல், உடையாமல் அடியிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா, சாமிக்கும் அடியிலருந்துதான்" என்றான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் கையில் ஒரு தூக்குவாளி, இடுப்பில் ஒரு போசி. பின்னால் நின்ற பெரியவரிடம் எவர்சில்வர் அடுக்குச் சட்டி. எங்களிடம் ஆளுக்கு ஒரு கை. மாப்ள அந்தக் கையைக் குவித்து நீட்டியபோது பரிமாறினவர் சிரித்துவிட்டார். "எந்தூரு தம்பி?"

"மதுரைங்கண்ணே."

"மதுரையிலருந்து வெறுங்கையோடவா வந்தீக?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த வாழை இலையைக் கிழித்து, அதில் கறியாகப் பார்த்து அள்ளி வைத்தார். அந்தக் காலை நேரத்தில், பல்கூட ஒழுங்காகத் தேய்க்காமல் களத்து மேட்டில் உட்கார்ந்து தின்ற ஆட்டுக்கறிப் பிரியாணிக்குப் பிறகு, பிரியாணி மத்தியான உணவு என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. மாப்ள இலையை வழித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான், துண்டை அவிழ்த்துத் தலைப்பாகை கட்டி, வேறு ஆளாக. பரிமாறினவர் தலைப்பாகையைப் பார்த்தார், மாப்ளையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முதலில் வைத்ததைவிட அதிகமாக வைத்தார்.

திருவிழா இன்றும் நடக்கிறது. தை, மாசியில் திருமங்கலம் பக்கம் போகிறவர்கள் தேதியை விசாரித்துக்கொண்டு, முந்தின ராத்திரியே போய்விடுங்கள். தூக்குவாளி கொண்டுபோங்கள். மூடி இருக்கிறதாக, கொஞ்சம் பெரிதாகவே.